அடுத்தவர் முகத்தில் கை வைக்கும் முன்...

‘ஸ்கின் கேர்’ தொழிலுக்கு வர நினைக்கும் பெண்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு சித்த மருத்துவர் சொல்வது

வைகாசி முகூர்த்த சீசன். காலை பத்து மணி இருக்கும். கிளினிக்குக்குள் இரண்டு பெண்கள் வந்தார்கள். இருவருக்கும் இருபது, இருபத்திரண்டு வயதுதான். ஒருத்தி துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாள். இன்னொருத்தி வரும்போதே அழுதுகொண்டு வந்தாள்.

“ஐயா, இவளுக்கு வர்ற வியாழக்கிழமை கல்யாணம்...”

துப்பட்டாவை விலக்கிப் பார்த்தேன். இரண்டு கன்னமும் தீப்பட்ட மாதிரி சிவந்து, ஓரங்களில் தோல் உரிந்து, வாய்க்குப் பக்கத்தில் நீர் கோத்துக் கொப்பளித்திருந்தது.

“என்னம்மா போட்டீங்க?”

அழுதுகொண்டு வந்தவள்தான் பதில் சொன்னாள். “நான்தான்யா போட்டேன். பீல் போட்டேன். கிளாஸ்ல சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் போட்டேன். அளவுகூட மாத்தலை.”

அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. கல்யாணப் பெண்ணிடம், “இதுக்கு முன்னாடி முகத்துக்கு ஏதாவது கிரீம் பூசிட்டு இருந்தியாம்மா?” என்று கேட்டேன். தயங்கித் தயங்கி ஹேண்ட்பேக்கிலிருந்து ஒரு டியூபை எடுத்தாள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியதாம். ஆறு மாதமாக ராத்திரி தவறாமல் போடுகிறாளாம். பின்பக்கத்தைப் படித்தேன். ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின்... மூன்றும் கலந்த கிரீம். டாக்டர் பார்த்து, சில வாரங்களுக்கு மட்டும் எழுதித்தர வேண்டிய மருந்து அது. மாதக் கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோகும். மெலிந்த தோலின் மேல் ஆசிட் வகைச் சரக்கைப் பூசினால் என்ன ஆகும்? அதுதான் ஆகியிருந்தது.

சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றச் சொல்லிவிட்டு, நான் எதையும் பூசாமல், உடனே தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. கன்னத்தில் விழுந்த கறுப்புத் திட்டு மறையத்தான் ஏழெட்டு மாதம் ஆனது. அந்தப் பெண்ணின் கல்யாண ஆல்பத்தில் அந்தத் திட்டு இன்னும் இருக்கிறது.

இது யார் குற்றம்?

சர்டிபிகேட்டில் தங்க முத்திரை!

அடுத்த வாரம் அந்த பியூட்டீஷியன் பெண் தன் அம்மாவோடு வந்தாள். கையில் ஒரு ஃபைல். அதற்குள் வழவழப்பான தாளில் தங்க நிற பார்டர் போட்ட சர்டிபிகேட். ‘இன்டர்நேஷனல் டிப்ளமோ’ என்று கொட்டை எழுத்து. படித்தது நாற்பத்தைந்து நாள். கட்டிய பணம் 65 ஆயிரம் ரூபாய். அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி அடகுக்கடைக்குப் போயிருந்தது.

“இதை வெச்சிருந்தா கவர்மென்ட் லைசென்ஸ் கிடைச்ச மாதிரின்னு சொன்னாங்கய்யா” என்றார் அம்மா.

பீல் போடுவதை ஒரே ஒரு மதியம் சொல்லிக் கொடுத்தார்களாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் புறங்கையில் தடவிப் பார்த்ததோடு பிராக்டிகல் முடிந்தது. வந்தவர் என்ன கிரீம் பூசுகிறார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார், கர்ப்பமா, சர்க்கரை உண்டா என்று கேட்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

“இனிமே இந்தத் தொழிலே வேண்டாம்யா. எனக்குக் கை நடுங்குது” என்றாள் அந்தப் பெண்.

நான் சொன்னேன்: “கை நடுங்கினா நல்லதும்மா. நடுங்காத கைதான் ஆபத்து. தொழிலை விடாதே. ஒழுங்காப் படி.”

அன்று அந்த அம்மாவுக்கும் பெண்ணுக்கும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு மகளோ, மருமகளோ, தங்கையோ ‘பியூட்டி கோர்ஸ் படிக்கட்டுமா?’ என்று கேட்டுக்கொண்டிருக்கலாம்.

‘லைசென்ஸ்’ என்று ஒன்று உண்டா?

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் நாட்டில் டாக்டருக்குப் பதிவு உண்டு. நர்சுக்கு உண்டு. ஃபார்மசிஸ்டுக்கு உண்டு. பியூட்டீஷியனுக்கு அப்படி ஒரு கவுன்சிலோ, ஆளுக்கு ஒரு அரசு லைசென்ஸோ கிடையாது. ‘எங்கள் கோர்ஸ் முடித்தால் அரசு லைசென்ஸ்’ என்று யாராவது சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படியானால் எது உண்டு? நான்கு விஷயம் உண்டு. நான்கும் வேறு வேறு.

ஒன்று, படிப்புக்கான சான்றிதழ். இதில் அரசு அங்கீகாரம் பெற்றதும் உண்டு, பெறாததும் உண்டு.

இரண்டு, கடைக்கான அனுமதி. இது இடத்துக்குத்தான். உங்கள் திறமைக்கு அல்ல.

மூன்று, நீங்கள் ஏதாவது கிரீம், சோப், பொடி தயாரித்து விற்றால், அந்தத் தயாரிப்புக்கான உரிமம்.

நான்கு, நோய்க்கு வைத்தியம் பார்க்க மருத்துவராகப் பதிவு.

ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றைச் செய்யும்போதுதான் வம்பே வருகிறது. கடை அனுமதி இருக்கிறது என்று வைத்தியம் பார்ப்பதும், பார்லர் சான்றிதழை வைத்துக்கொண்டு ஊசி போடுவதும் அந்த ரகம்.

எங்கே படிக்கலாம்?

செலவு குறைவான, பெயர் சொல்லக்கூடிய வழி, ஐ.டி.ஐ. ‘காஸ்மெட்டாலஜி’ என்ற பெயரில் ஓராண்டுப் பயிற்சி இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். முடித்துத் தேர்வு எழுதினால் தேசிய தொழிற்சான்றிதழ் கிடைக்கும். இந்தியா முழுக்கச் செல்லும். எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்தப் பிரிவு இருக்காது. பெண்களுக்கான அரசு ஐ.டி.ஐ.க்களிலும், தனியார் ஐ.டி.ஐ.க்களிலும் விசாரித்துப் பாருங்கள். தனியாராக இருந்தால், காஸ்மெட்டாலஜி பிரிவுக்கே இணைப்பு பெற்றிருக்கிறார்களா என்று கேளுங்கள். ‘எங்களுக்கு இணைப்பு உண்டு’ என்பார்கள்; அது ஃபிட்டர் பிரிவுக்கு இருக்கும்!

அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால், 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாத உதவித்தொகை கிடைக்குமா என்பதையும் ஐ.டி.ஐ. முதல்வரிடமே கேட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

இரண்டாவது வழி, தேசிய திறன் தகுதிக் கட்டமைப்பின் கீழ் வரும் குறுகிய காலப் பயிற்சிகள். அழகு, நலவாழ்வுத் துறைக்கென்றே ஒரு திறன் கவுன்சில் இருக்கிறது. அது வகுத்த பாடத்திட்டத்தில் ‘உதவி பியூட்டி தெரபிஸ்ட்’ 3-ஆம் நிலை, ‘பியூட்டி தெரபிஸ்ட்’ 4-ஆம் நிலை. படிக்கட்டு மாதிரி ஒவ்வொன்றாக ஏறலாம். தமிழ்நாட்டில் திறன் மேம்பாட்டுக் கழகத்தின் மூலம் இலவசப் பயிற்சிகள் அவ்வப்போது நடக்கின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியின இளைஞர்களுக்குத் தாட்கோ மூலமும் அழகுக்கலைப் பயிற்சிகள் நடந்திருக்கின்றன. செய்தித்தாளில் மாவட்டச் செய்திப் பக்கத்தைத் தள்ளிவிடாமல் படியுங்கள். கலெக்டர் அலுவலக அறிவிப்பாகத்தான் இவை வரும்.

மூன்றாவது, கிராமத்துப் பெண்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி போன்றவை மாவட்டங்களில் நடத்துகின்றன. பியூட்டி பார்லர் பயிற்சி சுமார் ஒரு மாதம். கட்டணம் இல்லை, சாப்பாடும் உண்டு. கடை நடத்துவது, கணக்கு எழுதுவது, கடன் வாங்குவது எல்லாம் சேர்த்துச் சொல்லித்தருவார்கள். ஆனால் ஒரு மாதத்தில் தொழிலின் வாசலைத்தான் பார்க்க முடியும். வீட்டுக்குள் போக இன்னும் படிக்க வேண்டும்.

ஏற்கெனவே பத்து வருஷமாகப் பார்லர் நடத்துகிறீர்கள், சர்டிபிகேட் இல்லை... அப்படிப்பட்டவர்களுக்கும் வழி உண்டு. ‘முன் கற்றலை அங்கீகரித்தல்’ என்ற ஏற்பாட்டில், உங்கள் அனுபவத்தைச் சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் தருகிறார்கள். சோதனைக்கு முன் சில நாள் பயிற்சியும் உண்டு. கைவேலை நன்றாகத் தெரிந்த பலர், சுத்தம் பற்றிய பாடத்தை அங்கேதான் முதல் தடவையாகக் கேட்கிறார்கள்.

தனியாரில் பணம் கட்டும் முன்...

தனியார் பயிற்சி நிலையம் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். நல்லபடி நடத்துபவர்களும் உண்டு. ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்தக் கேள்விகளை வாய்விட்டுக் கேளுங்கள்.

* சான்றிதழ் தருவது யார்? நீங்களா, தேசியத் தொழிற்கல்வி பயிற்சிக் குழுமம் அங்கீகரித்த அமைப்பா? போன வருடம் படித்த ஒருவருடைய சான்றிதழைக் காட்டுங்கள். (அதில் க்யூ.ஆர். கோடு இருந்தால், அங்கேயே உங்கள் செல்போனில் ஸ்கேன் செய்து பாருங்கள். அரசு இணையதளத்துக்குப் போகிறதா, அவர்களுடைய சொந்தப் பக்கத்துக்கே போகிறதா என்று தெரிந்துவிடும்.)

* மொத்தம் எத்தனை மணி நேரம்? அதில் உயிருள்ள ஆளின் முகத்தில், ஆசிரியை பக்கத்தில் நிற்க, நான் செய்வது எத்தனை மணி நேரம்?

* தோலின் அமைப்பு, தொற்று, அலர்ஜி, யாருக்கு எதைச் செய்யக் கூடாது என்ற பாடங்கள் உண்டா? யார் எடுக்கிறார்கள்?

* கருவிகளை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்?

* நடுவில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? எழுத்தில் தருவீர்களா?

* லேசர், ஊசி, ஆழமான பீல் எல்லாம் சொல்லித் தருவோம் என்று ஆசை காட்டுகிறார்களா? அப்படியென்றால் செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள்!

கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் உங்கள் மகளைச் சேர்க்காதீர்கள்.

எல்லைக்கோடு எங்கே?

த்ரெட்டிங், வாக்ஸிங், சுத்தப்படுத்துதல், ஃபேஷியல், மசாஜ், பெடிக்யூர், மேக்கப்... இவை அழகுக்கலைஞரின் வேலை. தோலின் மேற்பரப்போடு நின்றுவிடும் வேலைகள்.

லேசர், பொடாக்ஸ், ஃபில்லர், ஆழமாகத் தோலை உரிக்கும் பீல், மரு எரிப்பது, முடி நடுவது... இவை மருத்துவரின் வேலை. அதிலும் எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, அதன்மேல் தோல் மருத்துவத்தில் எம்.டி. மூன்று ஆண்டு என்று படித்தவர்களின் வேலை. பதிவு இல்லாமல் மருத்துவம் பார்த்தால் 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’ என்று போர்டு மாட்டிக்கொள்வதால் யாரும் டாக்டராகிவிட முடியாது.

“நீங்க சித்த டாக்டர்தானே, நீங்க மட்டும் தோல் நோய் பாக்கலாமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பி.எஸ்.எம்.எஸ். என்பதும் பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. ப்ளஸ் டூவில் அறிவியல் பாடங்கள், நீட் தேர்வு, பிறகு பாளையங்கோட்டை, சென்னை அரும்பாக்கம் அரசுக் கல்லூரிகளிலோ தனியார் கல்லூரிகளிலோ இடம். மேற்படிப்புக்கு அரசுக் கல்லூரிகளும், 2005-ல் திறந்த தாம்பரம் சானடோரியம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கின்றன. பதிவு செய்துகொண்ட பிறகுதான் வைத்தியம். தோல் நோய் எங்கள் நூல்களில் பெரிய அத்தியாயம். யூகி முனிவர் குட்டத்தை மட்டுமே பதினெட்டாகப் பிரித்திருக்கிறார். காளாஞ்சகப்படைக்கு நாங்கள் தரும் வெட்பாலைத் தைலம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் அன்று அந்தக் கல்யாணப் பெண்ணை நான் தோல் மருத்துவரிடம்தான் அனுப்பினேன். தன் எல்லை தெரிவதும் வைத்தியத்தில் பாதி.

மகளுக்குத் தோல் நோய்க்கு வைத்தியம் பார்க்கத்தான் ஆசை என்றால், குறுக்கு வழி தேடாமல் இந்த நீண்ட படிப்புகளுக்கு இப்போதே தயார்ப்படுத்துங்கள். அழகுபடுத்துவதில் ஆசை என்றால், அழகுக்கலையை முழுசாகப் படிக்கட்டும். இரண்டும் மரியாதையான தொழில்தான்.

‘மூலிகைதானே, என்ன செய்யும்?’

இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பயமாக இருக்கும்.

நலங்கு மாவு எல்லோருக்கும் தெரியும். பாசிப்பயறு, சந்தனம், வெட்டிவேர், விலாமிச்சை, கோரைக்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, கார்போகரிசி. இதில் கார்போகரிசியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெண்புள்ளிக்கு வைத்தியம் செய்ய நாங்கள் பயன்படுத்தும் சரக்கு அது. அதிலுள்ள சோரலென் என்ற பொருள், தோலை வெயிலுக்கு அதிகமாகக் கூச வைக்கும். அளவோடு, கழுவி விடும் மாவில் இருந்தால் சரி. ‘ரிசல்ட் சீக்கிரம் வரட்டும்’ என்று இரண்டு மடங்கு போட்டு அரைத்து, முகத்தில் பூசிக் காயவிட்டு, நல்ல வெயிலில் டூ வீலரில் அனுப்பினால், கொப்புளம் வரலாம். எலுமிச்சம்பழச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனாலும் இதே கதைதான்.

தலைச்சாயத்திலும் இப்படித்தான். ‘ஹெர்பல்’ என்று எழுதியிருக்கும். உடனே கறுப்பாகிறது என்றால் அதில் பெரும்பாலும் பி.பி.டி. என்ற ரசாயனம் இருக்கும். காதுக்குப் பின்னால் துளி வைத்து, 48 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். “ஈவ்னிங் ஃபங்ஷன், இப்பவே போடுங்க” என்று வாடிக்கையாளர் அவசரப்படுத்துவார். ‘முடியாதுக்கா’ என்று சொல்லப் பழகுவதும் தொழில் படிப்புதான்.

இன்னொன்று, பார்லரில் நீல விளக்கு எரியும் ஒரு பெட்டிக்குள் கத்தரி, ட்வீசரை வைத்திருப்பார்கள். அது ஏற்கெனவே சுத்தம் செய்த கருவியை வைக்கத்தான் உதவும். அழுக்குக் கருவியை அது சுத்தமாக்காது. ரத்தம் படக்கூடிய உலோகக் கருவி என்றால் சோப்புப் போட்டுக் கழுவி, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிஷமாவது இருக்க வேண்டும். பிளேடு, வாக்ஸ் ஸ்ட்ரிப், த்ரெட்டிங் நூல் எல்லாம் ஆளுக்கு ஒன்று. ஒருவருக்குத் தீர்ந்ததும் குப்பைக்கு. மரு உள்ளவருக்கு உபயோகித்த நூலால் அடுத்தவர் புருவத்திலும் மரு முளைக்கலாம். பிளேடு விஷயத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி வரை ஆபத்து இருக்கிறது.

வீட்டில் சோப் செய்து விற்கலாமா?

இன்று நிறையப் பெண்கள் செய்கிறார்கள். குளியல் பொடி, கூந்தல் தைலம், ஆட்டுப்பால் சோப்... வாட்ஸ்அப்பில் ஆர்டர் வேறு. உழைப்பு பாராட்டத்தக்கது. ஆனால் விற்பனைக்கு வந்துவிட்டால் அது சட்டப்படி ‘காஸ்மெடிக்’. 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, தயாரிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். நம் வீட்டு அடுப்படிக்கு அது கிடைக்காது. தனி இடம், தகுதியுள்ள ஆள், தரப் பரிசோதனை எல்லாம் கேட்பார்கள். உரிமம் உள்ள தொழிற்கூடத்தில், அவர்களோடு ஒப்பந்தம் செய்து, கடன் உரிமத்தின் பேரில் தயாரிக்கவும் வழி உண்டு.

‘இது அரிப்பைப் போக்கும், படையைக் குணமாக்கும்’ என்று எழுதினீர்களோ, அது மருந்தாகிவிடும். சித்த மருந்து என்றால் அதற்குத் தனி உரிமம், தனி விதி. வெண்புள்ளியைக் குணப்படுத்துகிறேன் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு சட்டமே தடுக்கிறது.

கிரீம்களை வெளியிலிருந்து வாங்கும்போதும் கவனம். சிவப்பழகு கிரீம் என்ற பெயரில் பாதரசம் கலந்தவை எங்கிருந்தெல்லாமோ வருகின்றன. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டப்பாவில் தயாரித்தவர் முகவரியும் உரிம எண்ணும் இல்லையென்றால் கடைக்குள் விடாதீர்கள். ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றை 2018-ல் அரசு, மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. அப்படியும் கவுண்டரில் கை நீட்டினால் கிடைக்கிறது என்பதற்கு அந்தக் கல்யாணப் பெண்ணே சாட்சி.

கடை திறக்க...

உள்ளாட்சியில் (மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி எதுவானாலும்) தொழில் உரிமம் பற்றி முதலில் கேளுங்கள். வேலைக்கு ஆள் வைத்தால் தொழிலாளர் துறையின் கடைகள், நிறுவனங்கள் சட்ட விதிகளையும் பாருங்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம். அதைச் செய்து தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் ஏமாற வேண்டாம்.

பணத்துக்கு 2015-ல் வந்த முத்ரா கடன் திட்டம் இருக்கிறது. முதல் படியான சிசு பிரிவில் 50 ஆயிரம் ரூபாய் வரை. அடுத்த படியான கிஷோரில் 5 லட்சம் வரை. பெரிதாகச் செய்ய நினைத்தால் மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் பற்றிக் கேளுங்கள். பெண்களுக்கு மானியம் கூடுதல். சங்கிலியை அடகு வைப்பது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

கட்டிக்கொடுத்த இடம் வெளிநாடாக இருந்தால்?

“மகளை அமெரிக்காவுல குடுத்திருக்கோம். இங்க கோர்ஸ் முடிச்சிட்டா அங்க போய் பார்லர் வைக்கலாமே?” என்று ஓர் அம்மா கேட்டார். முடியாது. அங்கே இந்தத் தொழிலுக்கு உண்மையாகவே மாநில லைசென்ஸ் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு வேறு. கலிபோர்னியாவில் தோல் பராமரிப்புக்கு 600 மணி நேரம், டெக்ஸாஸில் 750 மணி நேரம் படித்துத் தேர்வெழுத வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் காசு வாங்கிக்கொண்டு புருவம் திருத்தினால்கூட வம்பில் மாட்டலாம். ஸ்விட்சர்லாந்தைத் தலைமையகமாகக் கொண்ட சிடெஸ்கோவின் டிப்ளமோ பல நாடுகளில் மதிக்கப்படுகிறது. ஆனால் அதுவும் அந்தந்த ஊர் லைசென்ஸுக்கு மாற்று ஆகாது. போகப்போகிற ஊரின் விதியை முதலில் படித்துவிட்டு, பிறகு இங்கே பணம் கட்டுங்கள்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை

“பட்டப்படிப்பு படிக்க வைக்கலாம்னு பாத்தா, அடுத்தவங்க கால் நகத்தை வெட்டப் போறேங்குதே!” என்று வருத்தப்படும் அப்பாக்களைப் பார்க்கிறேன். ஐயா, நம் ஊரில் முகம் மழித்தவரும், கட்டிக்குக் கத்தி வைத்தவரும், பிரசவம் பார்த்த மருத்துவச்சியும் ஒரே குடும்பத்திலிருந்து வந்தவர்கள்தான். அவர்களை ‘மருத்துவர்’ என்றே அழைத்தது ஊர். அவர்களிடம் கைராசியை வாங்கிக்கொண்டு, மரியாதையைத்தான் நாம் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தப் பழைய பாவத்தை உங்கள் மகளிடமும் தொடர வேண்டாம்.

அதோடு இன்னொன்றும் யோசியுங்கள். டாக்டரிடம் வருடத்துக்கு ஒரு தடவைகூடப் போகாத பெண்கள், மாதம் ஒரு தடவை பார்லருக்குப் போகிறார்கள். நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் உட்கார்ந்து, அரை மணி நேரம் அவர்கள் தோலைப் பார்ப்பது பியூட்டீஷியன்தான். கழுத்தைச் சுற்றிக் கறுத்து வெல்வெட் மாதிரி தடித்திருந்தால் அது அழுக்கல்ல. தேய்த்தாலும் ப்ளீச் போட்டாலும் போகாது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். சர்க்கரை டெஸ்ட் எடுக்கச் சொல்ல வேண்டும். தாடையில் திடீரென்று கெட்டியாக முடி வளர்ந்து, மாதவிலக்கும் தள்ளிப்போனால் த்ரெட்டிங் மட்டும் போதாது, பெண் மருத்துவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மச்சம் பெரிதாகி, நிறம் மாறி, ரத்தம் கசிந்தால் அதில் கை வைக்கவே கூடாது. இதையெல்லாம் தெரிந்த ஒரு பெண் தெருவில் கடை வைத்திருந்தால், அந்தத் தெருவுக்கே நல்லது.

முடிவாக...

அந்தப் பெண் பிறகு ஐ.டி.ஐ.யில் சேர்ந்தாள். ஓராண்டு முடித்தாள். பெரிய பார்லர் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்தக் கடை. பீல் போடுவதில்லை. ‘இங்கே சிவப்பழகு செய்யப்படமாட்டாது’ என்று சுவரில் எழுதியே வைத்திருக்கிறாள். முதலில் கூட்டம் வராமல் கஷ்டப்பட்டாளாம்.

சென்ற கார்த்திகையில் அவளிடமிருந்து போன் வந்தது.

“ஐயா, ஒரு அக்கா ஃபேஷியலுக்கு வந்தாங்க. கன்னத்துல வெளிறின திட்டு ஒண்ணு. தேமல்னு நெனச்சு ப்ளீச் போடச் சொல்றாங்க. பஞ்சால தொட்டேன், அந்த இடத்துல மட்டும் தொட்டது தெரியலைங்கறாங்க. நான் எதுவும் போடலை. காசும் வாங்கலை. உங்ககிட்ட அனுப்பட்டுமா?”

“எங்கிட்ட வேண்டாம்மா. நேரா கவர்மென்ட் ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போ. நீயும் கூடவே போ” என்றேன்.

தொழுநோயின் ஆரம்பம். பயப்பட வேண்டாம். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கூட்டு மருந்து தருகிறார்கள். ஆரம்பக் கட்டம் என்பதால் ஆறு மாதம் சாப்பிட்டால் போதும் என்றார்கள். விட்டிருந்தால் நரம்பு பாதித்து விரல் மடங்கியிருக்கும். ப்ளீச் போட்டு அனுப்பியிருந்தால் இன்னும் இரண்டு வருஷம் தெரியாமலே போயிருக்கும்.

அந்த அக்கா மருந்தை முடித்துவிட்டு, முதல் வேலையாக அதே கடைக்குத்தான் போனாராம். ஃபேஷியல் செய்துகொள்ள!

அன்று கை நடுங்கிய பெண்தான் இவள். உங்கள் மகளும் இந்தத் தொழிலுக்கு வரட்டும், தாராளமாக வரட்டும். படித்துவிட்டு வரட்டும்.